மோட்டார் மவுண்ட்: நிறுத்துவது, ஓட்டுவது, பராமரிப்பது – வானைப் படம் பிடிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வான நடுக்கோட்டில் (பூமியின் நடுக்கோட்டை வானத்துக்கு நீட்டினால் வரும் கோடு) இருக்கும் ஒரு நட்சத்திரம் நொடிக்குச் சுமார் 15 ஆர்க் செகண்ட் நகர்கிறது. ஒரு டிகிரியை 3,600 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஆர்க் செகண்ட். கேட்கச் சிறிய அளவுதான். ஆனால் 500 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள தொலைநோக்கியில் 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவை மாட்டினால், ஒரு பிக்சலுக்குள் அடங்கும் வானத்தின் அகலம் ஏறத்தாழ 1.55 ஆர்க் செகண்ட். மோட்டார் ஓடவில்லை என்றால் ஒரே நொடியில் அந்த நட்சத்திரம் பத்துப் பிக்சல் தாண்டிப் போய்விடும். ஐந்து நிமிட எக்ஸ்போஷர் முழுக்க அதை ஒன்றிரண்டு பிக்சலுக்குள் பிடித்து வைப்பதுதான், தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட்டின் வேலை.

(உங்கள் கருவிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206.265-ஆல் பெருக்கி, குவியத்தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணை எழுதி வையுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.)

நட்சத்திரம் முட்டை வடிவில் வந்தால் பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது மென்பொருள் அமைப்புகளில். நான் பார்த்தவரை கோளாறு அங்கே இருப்பது குறைவு. முக்காலி, பளுச் சமநிலை, மின்சாரம், கேபிள், துருவ அச்சு, இவற்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டி தரையிலிருந்து தொடங்கி மேலே போகிறது. நீங்களும் அதே வரிசையில் போங்கள். கீழே உள்ளது சரியாகாமல் மேலே உள்ளதைத் திருத்திப் பயனில்லை.

எந்த மவுண்ட், எவ்வளவு சுமை

மேலும் கீழும், இடமும் வலமும் நகரும் ஆல்ட்-அஸ் மவுண்ட் நட்சத்திரத்தை நடுவிலேயே வைத்திருக்கும். ஆனால் நேரம் ஆக ஆகக் காட்சி முழுவதும் அந்த நட்சத்திரத்தைச் சுற்றிச் சுழலும். பத்து, இருபது நொடிப் படங்களை எடுத்து அடுக்குபவர்களுக்கு அதுவே போதும். நீண்ட எக்ஸ்போஷருக்கு ஈக்குவட்டோரியல் மவுண்ட் வேண்டும். அதன் ஆர்.ஏ. (ரைட் அசென்ஷன்) அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது, துருவ அச்சு என்பதும் இதைத்தான். அந்த ஓர் அச்சைச் சீராகச் சுழற்றினாலே வானத்தின் ஓட்டம் ஈடாகிவிடும். 1824-இல் டோர்பாட் வானாய்வகத்துக்காக ஃபிரான்ஹோஃபர் செய்த 24 சென்டிமீட்டர் தொலைநோக்கியும் இப்படித்தான் நின்றது. எடை இழுத்து ஓட்டும் கடிகாரப் பொறி அதைச் சுழற்றியது. இன்று அந்த இடத்தில் ஸ்டெப்பர் மோட்டார் இருக்கிறது, அடிப்படை அதேதான்.

பரவலாகக் கிடைப்பவை வார்ம் கியர் மவுண்ட்கள். ஒரு திருகு போன்ற வார்ம், பெரிய பற்சக்கரத்தின் ஒரு பல்லைத் தள்ள ஒரு முழுச் சுற்று சுற்றும். சக்கரத்தில் 180 பல் இருந்தால் வார்ம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 479 நொடி, 135 பல் என்றால் 638 நொடி. வானம் ஒரு சுற்று சுற்ற எடுக்கும் 23 மணி 56 நிமிடம் 4 நொடியை பல் எண்ணிக்கையால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். வார்ம் கடைசலில் இருக்கும் நுண்ணிய குறை ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் திரும்ப வரும். நட்சத்திரம் கிழக்கும் மேற்குமாக அலைபோல் ஆடும். இதற்குத்தான் பீரியாடிக் எரர் என்று பெயர். உங்கள் மவுண்ட்டின் வார்ம் காலம் எத்தனை நொடி என்று தெரிந்திருந்தால், பின்னால் கோளாறு தேடும்போது பாதி வேலை முடிந்த மாதிரி.

அண்மைக் காலத்தில் ஹார்மோனிக் டிரைவ் மவுண்ட்கள் நிறைய வந்துவிட்டன. எடை குறைவு, எதிர்ப்பளு பெரும்பாலும் தேவையில்லை, பற்களுக்கிடையே தளர்வும் இல்லை எனலாம். ஆனால் பீரியாடிக் எரர் பெரியது, வேகமாகவும் மாறும். கைடிங் (ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தபடியே மவுண்ட்டைத் திருத்திக்கொண்டே இருப்பது) இல்லாமல் இவற்றில் நீண்ட எக்ஸ்போஷர் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். எதிர்ப்பளு இல்லாததால் பாரம் முழுக்க ஒரு பக்கம் சாயும். முக்காலி கவிழாமல் இருக்கக் கால்களை அகல விரித்து, தொலைநோக்கி தொங்கும் பக்கம் ஒரு கால் வருமாறு வைக்க வேண்டும். பிரேக் இல்லாத மாடல் என்றால் மின்சாரம் நின்றதும் அச்சு தானாகச் சாயக்கூடும். அது வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

சுமை பற்றி ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் சொல்லும் எடை கண்ணால் பார்ப்பதற்கான எடை. வார்ம் கியர் மவுண்ட்டில் படம் எடுக்க அதில் பாதி, மிஞ்சிப்போனால் மூன்றில் இரண்டு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் எதிர்ப்பளு சேராது. கேமரா, கைடு ஸ்கோப் (கைடிங்குக்கான சிறு தொலைநோக்கி), வளையம், குழாயை மவுண்ட்டில் பொருத்தும் டவ்டெயில் பலகை எல்லாம் சேரும். நீளமான குழாய் அதே எடையுள்ள குட்டைக் குழாயைவிட மவுண்ட்டுக்குப் பெரிய தொல்லை, காற்றடிக்கும் இரவில் அது தெரியும்.

முக்காலி

முக்காலியின் கால்களை முடிந்த அளவு உள்ளே தள்ளிக் குட்டையாக வையுங்கள். வசதிக்காக உயர்த்தும் ஒவ்வொரு அங்குலமும் அதிர்வைக் கூட்டும். இளகிய மண்ணில் கால் நுனி இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அதோடு துருவ அச்சும் நகர்ந்துவிடும். அடியில் கனமான பலகையோ கல் தட்டோ வையுங்கள். மொட்டைமாடியில் என்றால் யாராவது நடந்தாலே தளம் அதிரும். எக்ஸ்போஷர் ஓடும்போது கிட்டே போகாமல் இருப்பது நல்லது.

குமிழ் மட்டம் துல்லியமாக வரவேண்டிய கட்டாயம் இல்லை. துருவ அச்சு துருவத்தைப் பார்த்தால் போதும், முக்காலி சற்றுச் சாய்ந்திருந்தாலும் பின்தொடர்தல் கெடாது. ஆனால் மட்டமாக இருந்தால் உயரத் திருகைத் திருப்பும்போது பக்கவாட்டில் நகராது, பக்கத் திருகைத் திருப்பும்போது உயரம் மாறாது. அந்த வசதிக்காகவே ஓரளவு மட்டம் பார்க்கிறோம்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். ஒன்றிரண்டு நொடியில் ஆட்டம் அடங்கினால் நல்லது. நான்கைந்து நொடி ஆடினால் எங்கோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது. முக்காலித் தலையிலும் டவ்டெயில் பிடியிலும் முதலில் தேடுங்கள்.

பளுச் சமநிலை

அவசரமாக முடிக்கக் கூடாத வேலை இது. படம் எடுக்கும்போது என்னென்ன மாட்டியிருக்குமோ அத்தனையும் மாட்டியிருக்க வேண்டும். கேமரா, பனித்தடுப்பு ஹீட்டர், கேபிள்கள் எல்லாம் இருக்கட்டும், லென்ஸ் மூடியைக் கழற்றிவிடுங்கள், ஃபோகசரும் குவியும் நிலையிலேயே இருக்கட்டும். மூடி சிறியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். அது குழாயின் நுனியில் இருக்கிறது, அங்கே 100 கிராம்கூடக் கணக்கில் வரும்.

முதலில் ஆர்.ஏ. அச்சு. எதிர்ப்பளுத் தண்டைக் கிடைமட்டமாகக் கொண்டுவந்து, ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு ஆர்.ஏ. கிளட்சைத் தளர்த்துங்கள். பிடியை மெதுவாக விட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் இறங்குகிறதோ அதற்கேற்பப் பளுவை நகர்த்துங்கள். தண்டு நின்ற இடத்திலேயே நின்றால் கிளட்சைப் பூட்டிவிட்டு, அதற்குச் செங்குத்தாக வடக்கு தெற்காகத் திருப்பும் டெக் அச்சுக்கு வாருங்கள். தண்டு கிடைமட்டத்திலேயே இருக்க, குழாயையும் கிடைமட்டமாக்கி டெக் கிளட்சைத் தளர்த்தி, டவ்டெயிலில் குழாயை முன்னும் பின்னும் தள்ளிச் சரிசெய்யுங்கள். பிடியைத் தளர்த்தும்போது ஒரு கை எப்போதும் குழாயில் இருக்கட்டும்.

பலர் விட்டுவிடும் ஒன்று: குழாயை உச்சிக்கு நேராகத் திருப்பி டெக் அச்சை இன்னொரு முறை பாருங்கள். கிடைமட்டத்தில் சமமாக நின்றது இங்கே ஒரு பக்கம் சாய்ந்தால், குழாயின் மேல் மாட்டிய கைடு ஸ்கோப்போ மினி கணினியோ ஒரு பக்கம் பாரமாக இருக்கிறது என்று பொருள். அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சிறு எடை வைத்தால் தீர்ந்தது.

வார்ம் கியர் மவுண்ட்டில் ஆர்.ஏ. அச்சு முழுச் சமநிலையில் நிற்பதைவிடக் கிழக்குப் பக்கம் துளி பாரமாக இருப்பது நல்லது. அப்போது பற்சக்கரம் வார்மின் ஒரே பக்கத்தில் சாய்ந்தபடி ஓடும், பற்களுக்கிடையே முன்னும் பின்னும் தடுமாறாது. கிழக்கு வானத்தைப் படம் எடுக்கும்போது எதிர்ப்பளு கிழக்கே இருக்கும், அதைச் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளினால் போதும். உச்சிக்கோட்டை (வடக்கு தெற்காக உச்சி வழியே போகும் கோடு) இலக்கு தாண்டி, மவுண்ட் மறுபக்கம் புரண்ட பிறகு தொலைநோக்கி கிழக்கே வந்துவிடும். அப்போது பளுவைச் சற்று உள்ளே தள்ள வேண்டும்.

மின்சாரமும் கேபிளும்

பெரும்பாலான மவுண்ட்கள் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகின்றன. அமைதியாகப் பின்தொடரும்போது குறைவாகவும், இரண்டு அச்சும் வேகமாகத் திரும்பும்போது அதைவிடப் பல மடங்காகவும் மின்னோட்டம் இழுக்கும். நீளமான மெல்லிய கம்பி என்றால் அந்த நேரத்தில் வோல்டேஜ் சரிந்து, மவுண்ட் பாதியில் நின்றோ தன் இருப்பிடத்தை மறந்தோ போகும். 'கோட்டோ (மவுண்ட் தானாக இலக்கைத் தேடிப் போவது) சரியில்லை' என்று சொல்லப்படும் கோளாறுகளில் ஒரு நல்ல பங்கு இதுதான். தடித்த, குட்டையான கம்பி போடுங்கள். மூன்று லித்தியம்-அயான் செல் கொண்ட பேக் 11.1 வோல்ட்டில்தான் இருக்கும், சில மவுண்ட்டுக்கு அது போதாது. 12.8 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி கடைசிவரை வோல்டேஜைச் சீராகத் தரும், என் பரிந்துரை அதுதான். பவர் பிளக் குழாய் வடிவில் இருந்தால், இறுக்கிப் பூட்டும் வகை உங்கள் மவுண்ட்டுக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். நடு இரவில் அரை மில்லிமீட்டர் நழுவினாலும் எல்லாம் அணைந்துபோகும்.

மின்சாரம் ஓடும்போது ஹாண்ட் கண்ட்ரோலரையோ மோட்டார் கேபிளையோ பிடுங்காதீர்கள், செருகாதீர்கள். கணினியோடு இணைக்கும் கேபிள் உங்கள் மாடலுக்கானதுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் கேபிள்களில் சிக்னல் வோல்டேஜ் வேறாக இருக்கும், தவறானது போர்டை எரித்துவிடும். கைடு கேபிள் துளையும் ஹாண்ட் கண்ட்ரோலர் துளையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒட்டுத்தாளில் பெயர் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

கேபிள்களைக் கேமராவிலிருந்து நேராகக் கீழே தொங்கவிடாதீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, டெக் அச்சுக்கு அருகே ஓர் இடத்தில் பிடித்துவிட்டு, அங்கிருந்து தளர்வாக இறக்குங்கள். அப்புறம் பகல் வெளிச்சத்தில் லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டு, மவுண்ட்டைக் கிழக்கிலிருந்து மேற்குவரை, புரளும் இடம் உட்பட, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எங்கே கேபிள் இழுபடுகிறது, எங்கே கேமரா முக்காலிக் காலில் இடிக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். மூடி போடாமல் பகலில் மவுண்ட்டை ஓட்டவே கூடாது. குழாய் தற்செயலாகச் சூரியனைக் கடந்தால் கேமரா போகும், யாராவது கண் வைத்திருந்தால் பார்வையே போகும்.

துருவ அச்சு

ஆர்.ஏ. அச்சு வானத்தின் துருவத்தை எவ்வளவு நெருக்கமாகப் பார்க்க வேண்டும்? கணக்கு இருக்கிறது. அச்சு 5 ஆர்க் நிமிடம் (ஒரு ஆர்க் நிமிடம் என்பது 60 ஆர்க் செகண்ட்) விலகியிருந்தால், நட்சத்திரம் டெக் திசையில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 1.3 ஆர்க் செகண்ட் நகரும். ஐந்து நிமிட எக்ஸ்போஷரில் 6.5 ஆர்க் செகண்ட். 1.55 ஆர்க் செகண்ட் பிக்சலில் அது நான்கு பிக்சலுக்கு மேல். கைடிங் இந்த நகர்வைத் தடுத்துவிடும், ஆனால் கைடு நட்சத்திரத்தைச் சுற்றிக் காட்சி மெல்லச் சுழல்வதைத் தடுக்காது. ஒன்றிரண்டு ஆர்க் நிமிடத்துக்குள் கொண்டுவந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும். அதற்குக் கீழே அரை மணி நேரம் போராடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வட அரைக்கோளத்தில் துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து ஏறத்தாழ முக்கால் டிகிரிக்குள் இருக்கிறது. போலார் ஸ்கோப் (துருவத்தைக் குறிபார்க்க ஆர்.ஏ. அச்சில் இருக்கும் சிறு தொலைநோக்கி) இருந்தால், அந்த நேரத்துக்கு அது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று காட்டும் கைப்பேசிச் செயலியைப் பார்த்து அங்கே நிறுத்துங்கள்.

இதைவிட எளிதானது மென்பொருள் வழி. நினா, ஈகோஸ், ஏஎஸ்ஐ ஏர் மூன்றிலும் அதற்கான வசதி உண்டு. ஆர்.ஏ. அச்சைத் திருப்பித் திருப்பிச் சில படம் எடுத்து, நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எங்கே பார்க்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லும். நீங்கள் உயரத் திருகையும் பக்கத் திருகையும் திருப்பத் திருப்ப எண் குறைந்துகொண்டே வரும். இங்கே ஒரு கைப்பழக்கம் தேவை. பக்கத் திருகு இரண்டு எதிரெதிரே இருக்கும். ஒன்றைத் தளர்த்திய பிறகே மற்றதை இறுக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் திருகு நுனி வளையும். கடைசியாக எல்லாவற்றையும் பூட்டும்போது அச்சு கொஞ்சம் நகர்ந்துவிடும், எனவே பூட்டிய பின் எண்ணை இன்னொரு முறை பாருங்கள்.

துருவ நட்சத்திரத்தின் உயரம் உங்கள் அட்சரேகைக்கு ஏறத்தாழச் சமம். 15 டிகிரிக்குக் கீழே உள்ள அட்சரேகைகளில் அது மரத்துக்கோ கட்டடத்துக்கோ பின்னால் போய்விடும். மவுண்ட்டும் மிகத் தாழ்வாகச் சாய்ந்து நிற்பதால் உயரத் திருகு ஒன்று உடலில் இடிக்கலாம், எதிர்ப்பளு முக்காலிக் காலில் உரசலாம். தண்டுக்கு நீட்டிப்புப் போட்டுப் பளுவைத் தள்ளி வைப்பது ஒரு வழி, அந்தப் பக்கம் கால் வராமல் முக்காலியைத் திருப்பி வைப்பது இன்னொன்று. துருவமே தெரியாவிட்டால் டிரிஃப்ட் முறைதான் கை கொடுக்கும். நேரம் எடுக்கும், ஆனால் எந்த மென்பொருளையும் நம்பியிருக்காது:

1. உச்சிக்கோட்டுக்கு அருகே, வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, டெக் திசையில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று சில நிமிடம் பாருங்கள். வட அரைக்கோளத்தில் அது தெற்கே நகர்ந்தால் அச்சு அளவுக்கு மேல் கிழக்கே இருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. பக்கத் திருகைத் திருப்புங்கள்.

2. அடுத்து, கிழக்கு அடிவானத்துக்கு 20, 30 டிகிரி மேலே உள்ள ஒரு நட்சத்திரம். அது தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நகர்ந்தால் உயர்ந்திருக்கிறது. உயரத் திருகைத் திருப்புங்கள்.

3. இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். ஐந்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியும் நகர்வு இல்லை என்றால் போதும்.

இலக்கைக் கண்டுபிடித்தல்

மவுண்ட்டை ஹோம் நிலையில் வைத்துத் தொடங்குங்கள்: எதிர்ப்பளு கீழே, குழாய் துருவத்தைப் பார்த்து. இடம், நேரம், நேர மண்டலம் மூன்றையும் சரிபாருங்கள். தேதியில் மாதமும் நாளும் இடம் மாறிப் பதிவாவது அடிக்கடி நடக்கும் பிழை. நேர மண்டலத்தின் கூட்டல் கழித்தல் குறி மாறினால் மவுண்ட் தரையைப் பார்த்துத் திரும்பும்.

பழைய மாதிரி இரண்டு மூன்று நட்சத்திரத்தை நடுவில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் முறை இன்னும் வேலை செய்கிறது. ஆனால் கணினி இருக்கிறதென்றால் பிளேட் சால்விங் போதும். ஒரு படம் எடுத்து, அதில் உள்ள நட்சத்திரக் கோலத்தை அட்டவணையோடு ஒப்பிட்டு, இப்போது எங்கே பார்க்கிறோம் என்று மென்பொருள் கண்டுபிடிக்கும். பிறகு மவுண்ட்டைத் திருத்தி இலக்கை நடுவில் கொண்டுவரும். இது வேலை செய்யாவிட்டால் பத்தில் ஒன்பது முறை குவியத்தூரமோ பிக்சல் அளவோ தவறாகப் பதிந்திருக்கும், அல்லது குவியம் சரியாக இருக்காது.

கைடிங்

கைடு கேமரா ஒரு நட்சத்திரத்தை விடாமல் பார்க்கும். அது நகர்ந்தால் மவுண்ட்டுக்குச் சிறு உத்தரவு போகும். பிஎச்டி2 இதற்குப் பரவலாகப் பயன்படும் இலவச மென்பொருள்.

காலிபரேஷனை (எந்த உத்தரவுக்கு நட்சத்திரம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று மென்பொருள் அளந்துகொள்வது) உச்சிக்கோட்டுக்கு அருகே, வான நடுக்கோட்டை ஒட்டிச் செய்யுங்கள். துருவத்துக்குப் பக்கத்தில் செய்தால் ஆர்.ஏ. அசைவு சிறிதாகத் தெரிந்து கணக்கு தவறும். கைடு வேகம் வானத்தின் வேகத்தில் பாதி, அதாவது 0.5 மடங்கு, என்று தொடங்கலாம். திரையில் இரண்டு கோடு ஏறத்தாழச் செங்குத்தாக வெட்ட வேண்டும். ஒரு கோடு குட்டையாகவோ கோணலாகவோ வந்தால் மேற்கொண்டு போகாதீர்கள். டெக் அச்சில் தளர்வு இருக்கிறது, அல்லது கேபிள் இழுக்கிறது.

எக்ஸ்போஷர், வார்ம் கியர் மவுண்ட்டுக்கு 2 முதல் 3 நொடி. அதைவிடக் குறைத்தால் காற்று மண்டலத்தின் துடிப்பை மவுண்ட் துரத்த ஆரம்பிக்கும். ஹார்மோனிக் மவுண்ட்டுக்கு மாறாக 0.5 முதல் 1 நொடி. அதன் பிழை வேகமாக மாறுவதால் திருத்தமும் வேகமாக வர வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் மற்றவருடைய அமைப்பை அப்படியே நகல் எடுப்பதால்தான் பலருக்குக் கைடிங் பிடிபடாமல் போகிறது.

வரைபடத்தைப் படிக்கப் பழகுங்கள், அதுவே சொல்லிவிடும். ஆர்.ஏ. கோடு வார்ம் காலத்துக்கு ஒருமுறை மெதுவாக ஏறி இறங்கினால் பீரியாடிக் எரர். கைடிங் அதை எளிதில் அடக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அடுத்த புள்ளி எதிர்ப்பக்கம் தாவிக்கொண்டே இருந்தால் அக்ரெசிவ்னஸ் (கண்ட பிழையில் எவ்வளவு பங்கைத் திருத்துவது என்ற அமைப்பு) அதிகம், 70 சதவீதத்துக்கோ அதற்குக் கீழேயோ குறையுங்கள். டெக் கோடு ஒரே பக்கம் மெல்லச் சாய்ந்துகொண்டே போய்த் திருத்தம் ஒரு திசையில் மட்டும் வந்தால் துருவ அச்சு விலகியிருக்கிறது. இரண்டு கோடும் ஒரே நேரத்தில் எகிறினால் காற்று, கேபிள், அல்லது யாரோ முக்காலியைத் தட்டியிருக்கிறார்கள்.

டெக்கில் இன்னொரு வகை இருக்கிறது. வடக்கே போ என்று தொடர்ந்து உத்தரவு போகிறது, கோடு அசையவே இல்லை, பிறகு திடீரென அளவுக்கு மேல் தாவுகிறது. பற்களுக்கிடையே உள்ள தளர்வு அது. மோட்டார் முதலில் வெற்றிடத்தைக் கடந்து, பிறகுதான் பல்லைத் தொடுகிறது. நிரந்தரத் தீர்வு பராமரிப்பில்தான். ஆனால் அன்றைய இரவைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. துருவ அச்சை வேண்டுமென்றே இரண்டு மூன்று ஆர்க் நிமிடம் விலக்கி வைத்து, நட்சத்திரம் டெக்கில் ஒரே பக்கம் நகருமாறு செய்யுங்கள். அந்த நகர்வுக்கு எதிர்த்திசையில் மட்டும் டெக் கைடிங்கை அனுமதியுங்கள். பல் எப்போதும் ஒரே பக்கத்தில் பதிந்திருப்பதால் தாவல் நின்றுவிடும்.

மொத்தப் பிழை எவ்வளவு இருக்கலாம்? முதலில் எழுதி வைத்த பிக்சல் எண்ணை எடுங்கள். ஆர்.எம்.எஸ். (கைடிங் மென்பொருள் காட்டும் ஒருவகைச் சராசரிப் பிழை) அதற்குக் கீழே இருந்தால் நட்சத்திரம் வட்டமாக வரும், அதில் பாதி என்றால் மவுண்ட்டைப் பற்றி மறந்துவிடலாம். ஆர்.ஏ., டெக் இரண்டின் பிழையும் ஏறத்தாழச் சமமாக இருப்பது முக்கியம். ஒன்று 0.9, மற்றது 0.4 என்றால் மொத்தம் குறைவாகத் தெரிந்தாலும் நட்சத்திரம் நீளும். சில படத்துக்கு ஒருமுறை டிதரிங் செய்யுங்கள், அதாவது காட்சியைச் சில பிக்சல் நகர்த்துங்கள். சென்சாரின் நிலையான கறைகள் அடுக்கும்போது மறைந்துபோகும்.

உச்சிக்கோட்டைத் தாண்டும்போது

இலக்கு உச்சிக்கோட்டைக் கடந்த பிறகும் விட்டால் குழாய் முக்காலியில் இடிக்கும். அதனால் மவுண்ட் மறுபக்கம் புரள வேண்டும். மென்பொருள் தானாகவே செய்யும், ஆனால் முதல் சில இரவு கூடவே இருந்து பாருங்கள். புரண்ட பிறகு கேபிள் சுற்றிக்கொண்டிருக்கிறதா, குவியம் மாறியிருக்கிறதா, கைடிங் டெக் திசையைச் சரியாகப் புரிந்துகொண்டதா என்று பார்க்க வேண்டும். டெக் கோடு நிற்காமல் ஒரு பக்கம் ஓடினால் திசை தலைகீழாகியிருக்கிறது, காலிபரேஷனை இன்னொரு முறை செய்யுங்கள்.

நட்சத்திர வடிவம் சொல்லும் சேதி

படம் சரியில்லை என்றால் முதலில் ஒரு நொடி எக்ஸ்போஷர் எடுங்கள். அதிலும் நட்சத்திரம் நீண்டிருந்தால் மவுண்ட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம். குவியமோ, ஒளியியல் சீரமைப்போ, கேமராச் சாய்வோ காரணம். ஓரங்களில் மட்டும் நீண்டிருந்தாலும் அப்படித்தான். ஒரு நொடியில் வட்டம், ஐந்து நிமிடத்தில் முட்டை என்றால்தான் மவுண்ட் பக்கம் திரும்ப வேண்டும்.

நீட்சி கிழக்கு மேற்காக இருந்தால் ஆர்.ஏ., வடக்கு தெற்காக இருந்தால் டெக். ஒரு மையத்தைச் சுற்றி வளைந்திருந்தால் துருவ அச்சு. கைடிங் வரைபடம் அழகாக இருந்தும் எல்லா நட்சத்திரமும் ஒரே திசையில் நீண்டிருந்தால், கைடு ஸ்கோப்பும் முதன்மைக் குழாயும் ஒன்றுக்கொன்று வளைகின்றன. கைடு ஸ்கோப்பைத் தாங்கும் பிடியை, ஃபோகசரை, டவ்டெயில் திருகை இறுக்குங்கள். 1,000 மில்லிமீட்டருக்கு மேல் குவியத்தூரம் என்றால் முதன்மைக் குழாயின் ஒளியிலேயே ஒரு துளியைக் கைடு கேமராவுக்குத் திருப்பும் ஆஃப் ஆக்சிஸ் கைடருக்கு மாறிவிடுவதே நல்லது.

பராமரிப்பு

ஒவ்வொரு இரவுக்குப் பிறகும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். பனி படிந்த மவுண்ட்டைத் துடைக்காமல் பெட்டியில் போட்டு மூடாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். குளிரான வெளியிலிருந்து வெப்பமான அறைக்குக் கொண்டுவந்தால் உலோகத்தில் ஈரம் பூக்கும். பெட்டியை மூடியபடியே சில மணி நேரம் விட்டு, வெப்பநிலை சமமான பின் திறந்து காயவிடுங்கள். உப்புக் காற்று வீசும் இடத்தில் திருகுகளும் எதிர்ப்பளுத் தண்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும், லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள். எடுத்துச் செல்லும்போது தொலைநோக்கியையும் பளுவையும் கழற்றிவிட்டுக் கிளட்சைத் தளர்த்துங்கள். பூட்டியபடி வண்டியில் போனால் சாலைக் குலுக்கல் முழுவதையும் வார்மின் ஒரு பல் தாங்க வேண்டியிருக்கும்.

மாதம் ஒருமுறை போல, போல்ட்கள், டவ்டெயில் பிடி, முக்காலித் தலை எல்லாவற்றையும் கைப்பிடித்துப் பாருங்கள். பெல்ட் உள்ள மவுண்ட்டில் மூடியைத் திறந்து பெல்ட்டை விரலால் அழுத்துங்கள். தொளதொளவென்று இருக்கக் கூடாது, தந்தி போல விறைத்தும் இருக்கக் கூடாது. ஃபர்ம்வேர் புதுப்பிப்பைப் பொறுத்தவரை, இப்போது நன்றாக ஓடும் மவுண்ட்டில் காரணமில்லாமல் கை வைக்காதீர்கள். செய்வதென்றால் நிலையான மின்சாரத்தோடு, படம் எடுக்கப்போகும் நாளுக்கு நெடுநாள் முன்பே செய்யுங்கள்.

டெக்கில் தளர்வு தெரிந்தால், வார்ம் கியர் மவுண்ட்டில் நீங்களே திருத்தலாம். ஹார்மோனிக் மவுண்ட்டைத் திறக்காதீர்கள், அதில் பயனர் திருத்த வேண்டியது ஒன்றும் இல்லை. முதலில் எல்லாவற்றையும் கழற்றி, மவுண்ட் தலையை மேசையில் வையுங்கள். கிளட்சைப் பூட்டி, டெக் பிடியை இரு விரலால் பற்றி லேசாக இடமும் வலமும் ஆட்டுங்கள். ஒரு சிறு 'டிக்' கேட்டால், அல்லது விரலில் ஒரு தட்டல் தெரிந்தால் அதுதான் தளர்வு. இப்போது மோட்டாரால் அச்சைச் சுற்றி, ஒவ்வொரு 30 டிகிரிக்கும் நிறுத்தி இதையே செய்யுங்கள். பற்சக்கரம் கனகச்சிதமான வட்டம் அல்ல, அதனால் சில இடத்தில் தளர்வு அதிகம், சில இடத்தில் குறைவு. மிகக் குறைவான இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு அங்கே நிறுத்துங்கள்.

பல மவுண்ட்களில் வார்ம் பெட்டியைப் பிடித்திருக்கும் திருகுகளும், அதை உள்ளே வெளியே தள்ளும் இரண்டு சிறு குழித்திருகுகளும் இருக்கும். உங்கள் மாடலில் எங்கே என்று கையேட்டில் பார்த்து, தொடும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிடித்திருக்கும் திருகுகளைக் கால் சுற்றுத் தளர்த்தி, ஒரு குழித்திருகைத் தளர்த்தி மற்றதை இறுக்குங்கள். ஒரு நேரத்தில் எட்டில் ஒரு பங்குச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். மறுபடி பூட்டி, ஆட்டிப் பாருங்கள். அந்த இறுக்கமான இடத்தில் மிக நுண்ணிய தளர்வு மிஞ்ச வேண்டும். சுத்தமாக இல்லாமல் செய்துவிட்டால், குளிரில் அலுமினிய உடல் சுருங்கும்போது வார்ம் பற்சக்கரத்தை நெருக்கிப் பிடித்து மோட்டார் நின்றுவிடும். பிறகு முழுச் சுற்றும் மோட்டாரை ஓட்டிக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒலி ஓரிடத்தில் கனத்துக் கரகரத்தால் அங்கே இறுக்கம் அதிகம்.

கிரீஸ் மாற்றுவது அடிக்கடி செய்யும் வேலையல்ல. பழைய கிரீஸ் கெட்டியாகி மோட்டார் முனகினாலோ, உள்ளே மணல், உலோகத்தூள் தெரிந்தாலோ செய்யுங்கள். வாரண்டி இருந்தால் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழையதை முழுக்கத் துடைத்தெடுத்த பின்பே புதியதைப் பூச வேண்டும். இரண்டு வகைக் கிரீஸ் கலந்தால் இளகி ஓடும், அல்லது கட்டி பிடிக்கும். குளிரிலும் இளக்கமாக இருக்கும் நல்ல லித்தியம் கிரீஸ் போதும், பல்லில் மெல்லிய படலமாக. கிளட்ச் தேயும் பரப்பில் ஒரு துளியும் படக் கூடாது, பட்டால் பூட்டு வழுக்கும். துருநீக்கும் ஸ்ப்ரேயை மவுண்ட்டுக்குள் அடிக்கவே அடிக்காதீர்கள். அது மசகு அல்ல, இருக்கும் கிரீஸையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும்.

திருத்தம் பலித்ததா என்று தெரிய, அடுத்த தெளிந்த இரவில் ஒரு சோதனை செய்யுங்கள். வான நடுக்கோட்டுக்கு அருகே ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, கைடிங் உத்தரவுகளை அணைத்துவிட்டு, வார்ம் இரண்டு மூன்று சுற்று முடிக்கும்வரை பதிவு மட்டும் ஓடட்டும். ஆர்.ஏ. கோட்டில் அலை மென்மையாக ஏறி இறங்கினால் இயந்திரம் நலமாக இருக்கிறது, அலையின் உயரம் பெரிதானாலும் கைடிங் பார்த்துக்கொள்ளும். அலைக்கு நடுவே ஒரே இடத்தில் கூரான முட்கள் திரும்பத் திரும்ப வந்தால் பல்லில் அழுக்கோ சிராய்ப்போ இருக்கிறது. ஆர்.ஏ. வார்மிலும் கை வைத்த பிறகு முட்கள் புதிதாக முளைத்திருந்தால் அளவுக்கு மேல் இறுக்கிவிட்டீர்கள், குழித்திருகை எட்டில் ஒரு பங்கு பின்னால் திருப்பிவிட்டு மறுபடி பதிவு எடுங்கள். டெக்குக்குப் பிஎச்டி2-இல் உள்ள கைடிங் அசிஸ்டண்ட் தளர்வை அளந்து மில்லிசெகண்டில் சொல்லும். இந்த இரண்டு பதிவையும் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். அடுத்த முறை நட்சத்திரம் நீளும்போது புதிய பதிவை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மவுண்ட் மாறியிருக்கிறதா அல்லது தேட வேண்டியது வேறு இடத்திலா என்று உடனே தெரிந்துவிடும்.